நார்மல் அக்காவின் ரத்தம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மூன்றாம் மாடி டாக்டரம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவள் நார்மல் அக்காதான். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார், ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். அவள் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் ரத்தம்தான். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மேலே 'நார்மல்' என்று எழுதி, தேதி போட்டு உறையவைப்பார்கள்.

"இந்தக் கட்டடத்துலயே நார்மலான ஆளுன்னா இவங்க ஒருத்தர்தான். எழுத்துல ஆதாரம் இருக்கு," என்று மீசைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை.

அவள் வேலை, இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடிக்கின்றன என்று அளப்பது. மூளையில் நரம்பும் நரம்பும் சந்திக்கிற இடத்தில் அந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கும். பிடி தளர்ந்தால் ஆளுக்கு நினைவு தடுமாறும், வலிப்பு வரும். சிலருக்கு அவர்கள் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்பொருள், கிருமியைப் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு, இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து பிடியை விலக்கிவிடும். அப்படிச் சந்தேகம் வருகிறவர்களின் ரத்தம் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும். குழாயில் எண் மட்டும் இருக்கும். கூட வரும் தாளில் வீட்டார் சொன்னது ஒரு வரி இருக்கும். 'ஆளே மாறிவிட்டார்.' 'சொன்னதையே சொல்கிறார்.' 'மனைவியை யாரென்று கேட்கிறார்.'

கருவி ஒரு சின்ன மேசை அளவு. அதற்குள் நகத்தளவு கண்ணாடிச் சிப் ஒன்று போகும். அதன் மேல் கண்ணுக்கே தெரியாத தங்கப் பூச்சு. அந்தத் தங்கத்தில் ஒரு புரதத்தை ஒட்டவைப்பாள். அதற்கு ஆய்வுக்கூடத்தில் 'உக்காந்தவரு' என்று பெயர். இன்னொன்றை உப்புநீரில் கலந்து அதன் மேல் ஓடவிடுவாள். அது 'வந்தவரு'. வந்தவர் உட்கார்ந்தவரைப் பிடித்துக்கொண்டால் தங்கத்தின் மேல் பாரம் கூடும். அடியிலிருந்து அடிக்கும் ஒளி திரும்புகிற கோணம் மாறும். திரையில் ஒரு கோடு குன்று மாதிரி ஏறும். வெறும் உப்புநீரை ஓடவிட்டால் வந்தவர் மெல்லக் கையை விடுவார், கோடு இறங்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து வந்தவரோடு கலந்துவிட்டால், நோய் இருக்கிறவர்களுக்குக் கோடு ஏறவே ஏறாது. தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். நார்மல் அக்காவின் எதிர்ப்பொருளைக் கலந்தால் கோடு ஜம்மென்று ஏறும். அதை வைத்துத்தான் மற்றவர்களின் கோட்டைப் படிப்பார்கள்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கை ஜன்னல் திரைகள் தைப்பவள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அக்காவோடு வந்து சேர்ந்து எட்டு வருஷம். ஒருத்திக்குப் பேச்சு அதிகம், ஒருத்திக்குக் கம்மி. அதனாலேயே சண்டை இல்லாமல் ஓடியது.

முதலில் நடந்தது நோட்டு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கருவி அறைக்குள் வந்தாள். ஜன்னல் இல்லாத அறை அது. எந்நேரமும் ஒரே குளிர், ஒரே வெளிச்சம். சிப்பைப் பொருத்தலாம் என்று கருவியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே சிப் இருந்தது. கருவி ஓடி முடித்து, தன்னைத்தானே கழுவிக்கொண்டு ஓய்ந்திருந்தது. நோட்டைப் பிரித்தாள். அன்றைய தேதி. எட்டு பத்துக்கு ஆரம்பம், ஒன்பது ஐம்பதுக்கு முடிவு. மூன்று நோயாளிகள், ஒரு நார்மல். அடியில் கையெழுத்து. அவளுடையது. எண்களும் அவள் எழுத்துதான், ஏழுக்கு நடுவில் அவள் போடும் சின்னக் குறுக்குக்கோடு உட்பட.

அவள் இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். வெயில்கூட இன்னும் முதுகில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாக ஐந்து நிமிஷம். எட்டு மணிக்கு வருகிறவள், எப்படி இவ்வளவு நேரமானது?

வெளியே நடையில் மீசைக்காரர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்.

"என் கருவிய யாரு ஓட்டினது?"

"யாரு ஓட்டுவா? நீங்கதான். காலையில கதவை இடிச்சுச் சாத்திட்டு உள்ள போனீங்களே. முகத்தைக்கூடப் பார்க்கல. கோவமோன்னு நெனச்சேன்."

"நான் இப்பதான் வரேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றுபோனது.

கருவியின் உள்ளே யார் எப்போது கடவுச்சொல் போட்டு நுழைந்தார்கள் என்ற பதிவு இருக்கும். திறந்து பார்த்தாள். எட்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு அவள் நுழைந்திருந்தாள். அந்தக் கடவுச்சொல் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எங்கும் எழுதிவைத்ததும் இல்லை.

அந்த வாரமே இன்னொருமுறை நடந்தது. அடுத்த வாரம் மூன்று முறை. வேலை எல்லாம் சுத்தமாக முடிந்திருக்கும். ஒரு எண்ணில் பிசகில்லை. ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் கோடுகள் வழவழவென்று இருக்கும். திருடன் வந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? டாக்டரம்மாவிடம் சொல்ல நாக்கு வரவில்லை.

வீட்டிலும் அவள் தொட்டதெல்லாம் கொஞ்ச நேரம் முன்பே தொடப்பட்டிருந்தது. துவைக்கலாம் என்று துணியை எடுக்கப் போனால் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. டீ போடலாம் என்று சமையலறைக்குப் போனால் அவளுடைய நீலக் கோப்பையில் பாதி டீ ஆவி பறக்க இருந்தது.

"யாரு என் கோப்பையில குடிச்சது?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தங்கை திரும்பினாள். "என்னக்கா, இப்பதானே நீ போட்டு எடுத்துட்டுப் போன? எனக்கும் ஒண்ணு குடுத்தியே." அவள் பக்கத்தில் இருந்த கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் ஆவி.

அப்புறம் அந்தச் சிலிர்ப்பு. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், நட்டநடுத் தெருவில், இடதுகையில் மணிக்கட்டிலிருந்து மயிர் எழுந்து நிற்கும். அலை மாதிரி முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறி, கழுத்தைத் தொட்டு, இறங்கிவிடும். பத்து விநாடி இருக்கும். இடதுபக்கம் மட்டும்தான். அது வரும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் பக்கத்திலிருந்து எழுந்து போனது மாதிரி, அந்த இடம் இன்னும் சூடாக இருப்பது மாதிரி ஒரு நிச்சயம் வரும். திரும்பிப் பார்ப்பாள். ஈ காக்கா இருக்காது.

பேய் பிசாசில் நம்பிக்கை உள்ளவள் இல்லை அவள். அளக்க முடிந்ததை அளந்து பார்க்கிறவள். எனவே அளக்க ஏற்பாடு செய்தாள். தெருமுனைக் கடையில் சிவப்பு அட்டை போட்ட கைக்கடக்கமான நோட்டு ஒன்று வாங்கினாள். தங்கைக்கும் சொல்லவில்லை. அதை வெள்ளைக் கோட்டின் உள்பையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று எழுதினாள். முதல் நாள் சரியாக இருந்தது. இரண்டாம் நாளும்.

மூன்றாம் நாள் மத்தியானம், பதினோரு மணிக் குறிப்புக்குக் கீழே எழுதப் போனவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. அவளுடைய எழுத்து.

'இந்த நோட்டு யாருடையது?'

ஊசியைத் தடவிப் பார்த்தாள். குத்தினது குத்தினபடி இருந்தது.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் புது நார்மல் குழாய்கள் உபயோகத்துக்கு வந்தன. கீழ்த்தளத்து நர்ஸ் முந்தைய வாரம் எடுத்த ரத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மா அறைக்கே வந்து திரையைக் காட்டினார்.

"பன்னெண்டாவது கோடு எந்த ஆஸ்பத்திரி? பாவம், இவ்வளவு மோசமா இருக்கு. உடனே சொல்லிடணும்."

பட்டியலைப் பார்த்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தாள். "டாக்டர், பன்னெண்டு நார்மல்."

"என்னது?"

"என்னோடது."

கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

டாக்டரம்மா நல்ல மனுஷி. திட்டவில்லை. "குழாய் மாறிப்போயிருக்கும். கொஞ்ச நாளா நீங்க ஒரு மாதிரியா இருக்கீங்க. நாலு நாள் லீவு எடுங்களேன்," என்றார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. ஆனால் இப்போது தலையில் அடித்துச் சத்தியம் செய்ய அவளால் முடியுமா? அவளுக்குத் தெரியாமல் அவள் கையெழுத்தில் யாரோ வேலை பார்க்கிறபோது, குழாயை மாற்றியது யார் என்று எப்படிச் சொல்வது?

லீவு எடுக்கவில்லை. சிப்பை மாற்றினாள். உப்புநீரைப் புதிதாகக் கலக்கினாள். கருவியின் நாளங்களை எல்லாம் அமிலம் விட்டுக் கழுவினாள். கோடு எழுந்திருக்கவில்லை. ஒரு கருவி பொய் சொல்லலாம் என்று, கருவியே இல்லாத பழைய வழியில் பார்த்தாள். காந்தத்துக்கு இழுபடும் பொடிமணிகளில் உட்கார்ந்தவரை ஒட்டவைத்து, வந்தவர் இருக்கிற நீரில் போட்டுக் கலக்கி, காந்தத்தைக் காட்டி மணிகளை ஓர் ஓரமாக இழுப்பது. பிடித்துக்கொண்டிருந்தால் வந்தவரும் கூடவே வருவார். புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கூழ்ப்பலகையில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றினால் கறுப்புப் பட்டை தெரியும். வேறு எதுவும் கலக்காத இடத்தில் பட்டை மைபோலத் தெரிந்தது. நார்மல் கலந்த இடம் வெள்ளையாக இருந்தது. மணிகள் வெறுங்கையோடு வந்திருந்தன.

அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் இடதுகையில் அலை எழுந்தது. இந்தமுறை கன்னமும் ஒரு கணம் பக்கவாட்டில் இழுபட்டது. விரல்கள் தாமாக மடங்கின. கையில் இருந்த குழாய் தரையில் விழுந்து உருண்டது.

நோயாளிகளோடு வரும் தாள்களில் இதை அவள் படித்திருக்கிறாள். பல தடவை. 'கையும் முகமும் வெட்டி இழுக்கிறது, ஒரு விநாடிதான்.' 'காரணமில்லாமல் சிலிர்க்கிறது என்கிறார்.' ரொம்ப நேரம் குழாயை எடுக்கக் குனியாமல் நின்றாள்.

பிறகு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். "குழாய் மாறலைன்னு நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம். எனக்கே நம்பிக்கை இல்ல. புதுசா எடுத்துப் பார்க்கலாம். எனக்கும் மீசைக்காரருக்கும். யாரோடது எதுன்னு எனக்குத் தெரியக்கூடாது."

நர்ஸ் இருவர் ரத்தத்தையும் எடுத்தாள். மீசைக்காரர் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் ரத்தத்துல டீதான் ஓடுது, கோடு கலங்கலா வரும்," என்றார். டாக்டரம்மா குழாய்களில் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதி, எது யாருடையது என்பதைத் தாளில் குறித்து உறையில் போட்டு ஒட்டினார். எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்க மறுநாள் ஆனது. மத்தியானம் மூன்று மணிக்குக் கருவி ஓடியது. டாக்டரம்மா பின்னால் நின்றார்.

ஒன்று ஏறியது. அழகான குன்று.

இரண்டு ஏறவில்லை. பம்ப் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கோடு திரையின் அடியில் நீண்டுகொண்டே போனது, யாரோ பென்சிலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

டாக்டரம்மா உறையைக் கிழித்துத் தாளைப் பார்த்தார். தாளை மடித்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

அவர் தாளைப் பார்க்கவில்லை, அவளுடைய இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து தோள்வரை போய்க்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா இது இருக்கு?"

"தெரியல டாக்டர். ஆனா பார்த்துச் சொல்ல முடியும்," என்றாள் அவள்.

பார்த்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உறைபெட்டி. நடையின் கோடியில் வரிசையாக நிற்கும் பெட்டிகளில் ஏழாவது. மீசைக்காரர் தடித்த கையுறை போட்டுக் கதவைத் திறந்தார். வெண்புகை தரைவரை வழிந்தது. கீழ்த்தட்டில் அவளே குழாய் குழாயாக அடுக்கப்பட்டிருந்தாள். நாற்பது சொச்சம் தேதிகள். நாற்பத்தொரு வயதில் இருந்த அவள், தங்கை வந்து சேர்ந்த வருஷத்து அவள், போன கோடையின் அவள். எல்லாரும் பனி பூத்து, பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மீசைக்காரர் அன்று ஜோக்கடிக்கவில்லை. கேட்ட குழாய்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நான் இங்கேயே நிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நடந்ததை மறந்துவிடுவோம் என்று பயந்து, ஒவ்வொரு கோடும் முடிந்தவுடன் தாளில் அச்சடித்து, பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தையது: குன்று. ஒரு வருஷத்துக்கு முந்தையது: குன்று. ஒன்பது மாதத்துக்கு முந்தையதும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு முந்தையதில் உச்சி கொஞ்சம் மழுங்கியிருந்தது. அப்போது அவள் நோட்டில் 'சிப் பழசு' என்று எழுதியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முந்தையது பாதி உயரம். அந்தக் குழாய்கள் உபயோகத்துக்கு வந்த காலத்தில் எல்லா நார்மலும் பாதி உயரம்தான் வந்திருக்க வேண்டும். அவள் கவனிக்கவில்லையா? பழைய நோட்டைப் புரட்டினாள். கவனித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கவனித்து, வட்டம் போட்டு, 'நாளை டாக்டரிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பதினான்கு இடங்களில் அந்த வாக்கியம் இருந்தது. ஒன்றையும் எழுதிய ஞாபகம் இல்லை.

"வேற யாரும் வரல டாக்டர்," என்றாள் மெதுவாக. "எல்லாம் நான்தான்."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். பிறகு அவரே கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தங்கை அங்கே ஓடிவந்தபோது உடையில் நூல் ஒட்டியிருந்தது. நரம்பு டாக்டர் கேட்கக் கேட்க அவள் கொட்டினாள். "ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்குது சார். கேட்டா, இல்லங்குது. போன வாரம் என்னைப் பார்த்து, 'நீ எப்ப வந்த?'ன்னு கேட்டுச்சு. எட்டு வருஷமா கூடவே இருக்கேன் சார்!" அக்காவுக்கு அது புதுச் செய்தி. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்குத் தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். "சொன்னேன்க்கா. தெனமும் சொன்னேன். நீ கேட்டுட்டு அழுவ. மறுநாள் ஒண்ணுமே தெரியாத மாதிரி எழுந்து வருவ. உன்னைத் தெனம் தெனம் அழவைக்க எனக்கு மனசு வரல."

ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது. தலையை ஸ்கேன் எடுத்த படத்தில் நினைவுக்குரிய இடம் வீங்கி வெளுத்திருந்தது. நரம்பு டாக்டர் எளிமையாகச் சொன்னார்: "கைக்குப் பழகின வேலைய கை செஞ்சிடுது. செஞ்சதைப் பதிஞ்சு வைக்கிற எடம்தான் மூடிக்கிடக்கு. இதுக்கு மருந்து இருக்கு. சீக்கிரம் வந்துட்டீங்க."

ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பிறகு ரத்தத்தை வெளியே எடுத்து எதிர்ப்பொருளை விலக்கித் திரும்ப ஏற்றினார்கள். முதலில் கை வெட்டி இழுப்பது நின்றது. அப்புறம் சிலிர்ப்பு. ஒரு மாதம் கழித்து, காலையில் சாப்பிட்டதை மாலையில் சொல்ல முடிந்தது. தங்கை அதைக் கேட்டுப் பரீட்சை பாஸானது மாதிரி கைதட்டினாள்.

நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பினாள். கோட்டுப் பையில் சிவப்பு நோட்டு அப்படியே இருந்தது. கருவி அறையில் உட்கார்ந்து முழுதும் படித்தாள். அவளுக்கு நினைவிருந்தது முதல் சில பக்கங்கள்தான். நோட்டோ கடைசிவரை எழுதித் தீர்ந்திருந்தது.

'எனக்குப் பின்னால் ஒருத்தி வருகிறாள். நான் முடித்துவைத்ததை எல்லாம் எடுத்துப் பார்க்கிறாள்.' இன்னொரு பக்கம்: 'இன்றும் நோட்டைப் புரட்டியிருக்கிறாள். என் எழுத்தை அப்படியே எழுதுகிறாள். யாரிடம் சொல்வது?' கடைசிக்கு முந்தைய பக்கத்தில், எழுத்து கோணலாக: 'அவள் பயப்படுகிறாள் என்று தோன்றுகிறது. நான் சத்தம் போடாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறேன்.'

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் அவ்வளவு மாதங்கள் ஒருத்திக்கொருத்தி பயந்துகொண்டு இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உதவ யாரும் இல்லை. தன் மேலேயே இப்படி ஒரு இரக்கம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

டாக்டரம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிகளுக்குப் போன முடிவுகள் சரியா? ஒப்பிட்ட நார்மலே நார்மல் இல்லை. "அத்தனையையும் திரும்பச் செய்யணும். நீங்க செய்ய வேண்டாம், வேற ஆள் போடறேன்," என்றார்.

"நான்தான் செய்யணும் டாக்டர். அதுல கையெழுத்துப் போட்டது நான்."

அறுபத்தெட்டு நோயாளிகள். மிச்சம் வைத்திருந்த குழாய்களை எல்லாம் எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஏழு வாரம் பிடித்தது. நோட்டில் இருந்த அளவுகளும் புது அளவுகளும் நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போயின. மறந்துபோன அந்த ஒருத்தி ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. ஆனால் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்த நார்மலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் இரண்டு பேருக்கு 'நோய் இல்லை' என்று அறிக்கை போயிருந்தது. ஆஸ்பத்திரிகளில் விவரம் வாங்கி, இருவர் வீட்டுக்கும் அவளே தொலைபேசியில் பேசினாள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டார். இன்னொருவரின் மகள், "அப்பா போன மாசம் தவறிட்டாங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு அவள் அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். அந்தக் குரலை மட்டும் எந்த நோயாவது வந்து அழித்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் ஒருவருடைய ரத்தத்தை மட்டும் நார்மலாக வைப்பதை நிறுத்தினார்கள். பத்துப் பேரிடம் எடுப்பது, தனித்தனியாகப் பார்த்த பிறகே சேர்ப்பது, ஏதாவது தெரிந்தால் கொடுத்தவரிடம் சொல்வது என்று அவள் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மீசைக்காரர் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க அந்தத் திரை முன்னாடி உக்காந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு கோடு ஏறுமா ஏறாதான்னு என்னால உக்காந்து பார்க்க முடியாது. உள்ள என்ன இருக்கோ, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. இன்னும் ஐந்து வருஷம் அங்கே வேலை பார்த்தாள். பட்டப்பெயரை யாரும் மாற்றவில்லை. புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்டால் மீசைக்காரர் பேச்சை மாற்றிவிடுவார். நோய் திரும்பவில்லை. தொலைந்த மாதங்களும் திரும்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம், திரைத்துணியின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தங்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்த மாதங்களில் வந்து நின்றது.

"உன்னைப் பார்க்க பயமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணுக்கா, அப்ப நீ நல்லா பாடுவ," என்றாள் தங்கை.

"பாடினேனா? நானா?" பள்ளிக்கூடத்தில்கூட அவள் வாயைத் திறந்து பாடியதில்லை.

"பாத்திரம் தேய்க்கிறப்ப, துணி மடிக்கிறப்ப. ஒரே பாட்டுதான். நான் எங்கயும் கேட்டதே இல்ல. வார்த்தைகூடப் புரியாது. கேட்டா, 'எங்கம்மா பாடுவாங்க'ம்ப. நம்ம அம்மா எப்பக்கா பாடினாங்க?"

அவளுக்குத் தெரிந்து அம்மா பாடியதில்லை. தங்கை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மெட்டை முனகிக் காட்டினாள். மூன்றாவது வளைவில் வந்து நின்றுவிட்டாள். "இதுக்கப்புறம் எனக்கு வரல."

அக்கா துணியின் முனையைப் பிடித்தபடியே நின்றாள். அந்த மெட்டை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஆனால் தங்கை விட்ட இடத்திலிருந்து அது எப்படிப் போகும், எங்கே இறங்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் பாடவில்லை. "வெட்டு, கை வலிக்குது," என்றாள்.